சீரகத்தின் சுழி

பதினோரு மணிக்கு நாய் வரும். அதற்குள் இடது காதையாவது முடித்துவிடலாம் என்று சுகந்தி டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். காது சுலபம். காதின் முடி குட்டையானது, ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், விளிம்பில் மட்டும் கொஞ்சம் கலைந்திருக்கும். முதலில் அடியில் கருத்த பழுப்பு, அதன் மேல் கொத்துக் கொத்தாக நடுநிறம், கடைசியில் வெளிச்சம் படுகிற நுனிகள். பேனாவை அழுத்தி வைத்து, இழுக்கும்போதே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கோடு அடியில் தடித்து நுனியில் காற்றோடு கரைந்த மாதிரி முடியும். வருடக்கணக்காகச் செய்கிற வேலை, கை தானாகவே செய்யும். இன்றைக்குச் செய்யவில்லை. கோடு கம்பி மாதிரி நின்றது, அழித்துவிட வேண்டியதுதான். அண்டூ. மறுபடி இழுத்தாள், மறுபடி கம்பி. அண்டூ. நாய் லிஃப்டில் வருமா, படியில் வருமா? லிஃப்டில் நாய்களை ஏற்றக் கூடாது என்று அசோசியேஷன்காரர்கள் ஒட்டியிருக்கிறார்கள், வாட்ச்மேன் தடுத்துவிட்டால்? தடுத்தால் நல்லது. ஆனால் அவர் தடுக்க மாட்டார், பக்ரீத் சமயத்தில் இரண்டாவது மாடிக்காரர்கள் ஆட்டையே ஏற்றிக்கொண்டு போனபோது அவர்தான் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றார். வர வேண்டாம் என்று நேற்றுச் சாயங்காலம் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோகிலவாணி அக்காவின் குரல் இன்னும் காதில் இருந்தது. தன் நாயை வரையச் சொல்லிப் போட்டோ அனுப்பியவர், ஏதோ ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர், போனில் மட்டுமே தெரியும், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைத்துப் பேசுகிறவர். “இதுவரைக்கும் வரைஞ்சதைப் பாத்தனுங்க அம்மிணி. ரொம்ப நல்லாருக்குது. கண்ணு அப்படியே அவன் கண்ணுதான்” என்றார். அதற்குப் பின்னால் ஒரு ஆனால் வரும் என்று சுகந்திக்குத் தெரியும். “ஆனா இது எங்க சீரகம் இல்லீங்க.” சீரகம் என்பது நாயின் பெயர். குட்டியாக இருந்தபோது வறுத்த சீரகத்தின் நிறத்தில் இருந்ததாம். “நெஞ்சுல அவனுக்கு ஒரு சுழி இருக்குமுங்க. முடி அப்படியே சுத்திக்கிட்டு வந்து நடுவுல குழிஞ்சு நிக்கும். அது இல்லாம வேற யாரு வீட்டு நாயோ மாதிரி இருக்குது.” போட்டோக்களில் அது தெரியவில்லை அக்கா, எல்லாவற்றிலும் நெஞ்சுப் பட்டை மறைக்கிறது என்றாள் சுகந்தி. “அதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குக் காலையில நானே அவனைக் கூட்டிட்டு வந்துர்றேன், நீங்க நேர்லயே பாத்துருங்க” என்றார் அவர். சரிங்கக்கா என்றது இவளுடைய வாய். வாய் அப்படித்தான், மனசு எழுந்து செருப்பைப் போடுவதற்குள் அது வாசலைத் தாண்டிவிடும்.

இதுவரைக்கும் எத்தனை நாய்களை வரைந்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. பூனைகள், ஒரு முயல், ஒரு தடவை ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கிழட்டுக் குதிரை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். செத்துப்போனவற்றின் போட்டோக்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். ஜன்னல் பக்கமாக எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்பாள், பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் முடியின் போக்கு தெரியும். போக்கு தெரிந்தால் போதும். ஒவ்வொரு முடியாக வரைகிறவர்கள் துடைப்பத்தைத்தான் வரைவார்கள். முடி தனியாக இருப்பதில்லை, கொத்தாகச் சேர்ந்து, கொத்து ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, எலும்பு மேடாகிற இடத்தில் பிரிந்து, தசை மடங்குகிற இடத்தில் மறுபடி கூடும். இதையெல்லாம் அவள் இணையத்தில் பாடமாகக்கூடச் சொல்லியிருக்கிறாள், கையையும் பேனாவையும் மட்டும் காட்டி. கனடாவிலிருந்து ஒரு அம்மாள், தடவிப் பார்க்கலாம் என்று திரையில் கை வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று சுகந்தி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கை ஒரு நாயையும் தொட்டதில்லை. நாயின் முடி தொட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு மனசுக்குள் ஒன்றை வைத்திருந்தாள், மக்காச்சோளக் கதிரின் உச்சியில் தொங்குகிற குஞ்சம். சின்ன வயதில் அதைப் பிய்த்துக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வாள். குளிர்ச்சியாக, வழுவழுவென்று. அப்படித்தான் இருக்குமாக இருக்கும். வேறு எதற்குச் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரைக்கு அது போதுமானதாக இருந்தது. கணவன் மோகன்ராஜுக்கு இது ஒரு வேடிக்கை. பம்பு கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கிற ஒருவரின் கிரகப்பிரவேச விருந்தில், “நாய் வரைஞ்சே பேர் வாங்கிட்டா, தெருவுல ஒரு நாய் நின்னா எம் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா” என்று பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது, அதை வழித்துக்கொண்டே சிரித்தாள். அவன் கெட்டவன் இல்லை. தெரு முனையில் நாய்கள் படுத்திருந்தால் கேட்காமலே வண்டியைத் திருப்பி அந்தப் பக்கச் சந்தில் விடுவான். ஆனால் அந்தச் சிரிப்பு. காதின் உள்பக்கத்துக்கு இளஞ்சிவப்பு வைத்தாள். அதிகமாகிவிட்டது. புண் மாதிரி இருக்கிறது. அண்டூ.

புண்ணை அவள் பார்க்கவில்லை அப்போது. எட்டு வயது, தாராபுரம், டியூஷன் முடிந்து வருகிற வழி, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த ஒரு செம்பழுப்பு நாய். அவள் அதைச் சீண்டவில்லை, கல் எடுக்கவில்லை, ஓடக்கூட இல்லை. வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நடந்துபோனாள். கெண்டைக்கால் சட்டென்று சூடாகியது. வலி இல்லை, சூடு. குனிந்து பார்க்காமல் வீடு வரைக்கும் நடந்தே போய் அம்மாவிடம் காலைக் காட்டினாள். அம்மா அடிபம்புக்குக் கீழே உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள், நுரை சிவப்பாகி, வெள்ளையாகி, மறுபடி சிவப்பாகி. அப்புறம் அப்பாவின் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு, தினமும் ஆஸ்பத்திரிக்கு, தொப்புளைச் சுற்றி ஊசி. ஊசி போடுகிற அறைக்குப் போகிற வழியில் ஒரு அறை கதவு சாத்தியிருக்கும். ஒரு நாள் திறந்திருந்தது. கட்டிலில் வெறிநாய் கடித்த ஒரு பெரிய பையன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது, கையையும் காலையும் சேலைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, ஃபேன் ஓடவில்லை, அந்த வேனலில். அவனுடைய அம்மா டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கச் சொல்லவில்லை. டம்ளரைத் தன் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நின்றாள், அவன் கேட்டால் கொடுக்கலாம் என்பது போல, அவன் பார்த்துவிடக் கூடாது என்பது போல. யாரோ உள்ளே வர, கதவு ஆடியதில் கொஞ்சம் காற்றுப் பட்டது. அவன் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தம். அப்பா அவள் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார், சட்டையில் பீடி வாசனை, “ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல” என்றார். அடுத்த நாள் கட்டில் காலியாக இருந்தது. ஊசி முடிந்து, புண் ஆறி, பள்ளிக்கூடம் திறந்து, எல்லாம் ஆன பிறகும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சொம்பில் தண்ணீர் எடுத்து அதையே பார்ப்பாள். பயமாக இருக்கிறதா? இல்லை. இல்லை என்று நினைக்கிறோமா, நிஜமாகவே இல்லையா? தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடுவோமோ என்று பயப்படுவது எந்தக் கணக்கில் வரும்? யாரிடமும் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த பிறகும் எத்தனையோ காலைகளில் சமையலறையில் அப்படி நின்றிருக்கிறாள். மோகன்ராஜ் தாகம் என்று நினைத்துக்கொள்வான்.

நாயைத் தவிர வேறு எதையும் அத்தனை கூர்ந்து பார்த்ததில்லை என்பதுதான் இதில் நடந்த கூத்து. கடித்த பிறகு, எதிரே வருகிற ஒவ்வொரு நாயையும் மயிர் மயிராகப் பார்த்தாள். முதுகுத் தண்டில் முடி எப்போது எழுந்து நிற்கும், கோபத்தில் எழுந்த முடிக்கும் குளிரில் எழுந்த முடிக்கும் என்ன வித்தியாசம், உறுமுவதற்கு முன்னால் மூக்கின் இரண்டு பக்கமும் தோல் எப்படி மடியும். சென்னையில் அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்தபோது ஒரு கரடிக்குட்டியை எல்லோரும் வரைந்து பார்த்தார்கள். அவளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, முடி வேலையெல்லாம் இனி இந்தப் பொண்ணுக்கே கொடுங்க என்றார்கள். நீங்க நிறைய நாய் வளர்த்திருக்கணும் என்றார் டீம் லீடர். ஆமாம் சார் என்றாள். வாய். இப்போது நெஞ்சுக்கு வந்துவிட்டாள், வர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்துவிட்டாள். பட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாததால், வேறு பத்து நாய்களின் நெஞ்சைப் பார்த்து, கழுத்திலிருந்து நேராகக் கீழே இறங்குகிற மாதிரி போட்டிருந்தாள். அழகாகத்தான் இருக்கிறது. அழகாக, யாருடையதாகவும் இல்லாமல். பழையதன் மேலே புது அடுக்காக ஒரு லேயரைத் திறந்து ஒரு சுழியைப் போட்டுப் பார்த்தாள். இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? நடுவிலா, ஓரத்திலா? சுழி பார்த்து மாடு வாங்குகிற பெரியப்பா நெற்றியில் ஒன்று, திமிலில் ஒன்று என்று விரலை வைத்து வைத்துக் காட்டுவார், அப்போதும் இவள் வேலிக்கு இந்தப் பக்கம்தான். மூன்று விதமாகப் போட்டாள். மூன்றும் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி இருந்தன. போன் அடித்தது, உடம்பு தூக்கிப்போட்டது. மோகன்ராஜ். “வந்துருச்சா?” “இன்னும் இல்ல.” “நான் வேணா பர்மிஷன் சொல்லிட்டு வரட்டுமா? அரை மணி நேரத்துல வந்துருவேன்.” வாங்க என்று சொல்லத்தான் நினைத்தாள். பந்தியும் பாயசமும் குறுக்கே வந்தன. “வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள். “பெட்ரூமைத் தொறந்து வச்சுக்க, முடியலேன்னா உள்ள போய்த் தாப்பாப் போட்டுக்க” என்றான் அவன். கிண்டல் இல்லாத குரலில் சொன்னான். அதனாலேயே பயம் இன்னும் கூடியது. போனை வைத்துவிட்டு, அக்கா எனக்குக் காய்ச்சலாக இருக்கிறது இன்னொரு நாள் வாருங்கள் என்று டைப் செய்தாள். அழித்தாள். அவசரமாக ஊருக்குப் போகிறேன் என்று டைப் செய்தாள். அதையும் அழித்தாள். நாற்காலியைக் கதவுக்கும் மேஜைக்கும் நடுவில் நகர்த்தினாள். நாற்காலியைத் தாண்ட நாய்க்கு எவ்வளவு நேரமாகும்? மறுபடி பழைய இடத்திலேயே போட்டாள். பால்கனிக்குப் போனாள். கீழே கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. ஊதா நிறச் சேலை கட்டிய ஒரு அம்மாள் இறங்கி, பிறகு உள்ளே குனிந்து, துணி சுற்றிய எதையோ இரண்டு கைகளிலும் தூக்கி எடுத்தார். தூங்குகிற குழந்தையை எடுக்கிற மாதிரி. வாட்ச்மேன் ஓடிப்போய் கேட்டைத் திறந்து, லிஃப்ட் இருக்கிற பக்கம் அவரைக் கூட்டிப்போனது மேலேயிருந்து தெரிந்தது.

கதவைத் திறந்தபோது சுகந்தி பார்த்தது பனியனை. ஆம்பளைகள் போடுகிற கை வைத்த வெள்ளைப் பனியன், சலவை செய்தது, அதன் கைகள் வழியாக இரண்டு முன்னங்கால்கள் வெளியே வந்திருந்தன. பனியனுக்கு மேலே சீரகத்தின் தலை. கண்ணை அவள் சரியாகத்தான் வரைந்திருந்தாள். ஆனால் மூக்கைச் சுற்றி இத்தனை நரைத்திருக்கும் என்று போட்டோவில் இல்லை. கோகிலவாணி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, கேட்காமலே தரையில் உட்கார்ந்து, நாயை மடியோடு சேர்த்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். “ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கறனுங்க, ஆட்டோவுல வேர்த்துப் போச்சு” என்றார். சுகந்தி மேஜைக்குப் பின்னால் நின்றாள், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. “எதுக்குங்கக்கா பனியன்?” என்று கேட்டாள். “போட்டோ அனுப்பறப்பவே சொல்லியிருக்கணும் நானு. அது போன வருசத்துப் போட்டோங்க. நெஞ்சுல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணுனாங்க. தையல் பிரிச்சாச்சு, ஆனா நக்கிக்கிட்டே இருக்கறான், அதான் பனியன்” என்று சொல்லிக்கொண்டே அவர் பனியனை மெதுவாகக் கழுத்து வழியாகக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே, இடது தோளிலிருந்து நெஞ்சு முழுக்க, விலா வரைக்கும், முடியே இல்லை. சிரைத்திருந்தார்கள். சாம்பலும் சிவப்பும் கலந்த வெறும் தோல், நடுவே தையல் போட்ட தழும்பு, பக்கத்தில் ஒரு மருந்தின் மஞ்சள் கறை. மீதி உடம்பில் அடர்ந்த முடி அந்த வெறுமையின் ஓரத்தில் சட்டென்று நின்றது, அழிப்பானை வைத்து இழுத்த மாதிரி. பல்லும் முடியுமாக வரப்போகிற ஒரு நாய்க்குத்தான் சுகந்தி காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். இதற்குப் பயப்படத் தெரியவில்லை. “அப்ப சுழி?” என்றாள். கேட்ட பிறகுதான் எத்தனை கேவலமான கேள்வி என்று பட்டது. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை போல. “இருக்குதுங்க. பொடிப்பொடியா முளைச்சிருக்குது. கண்ணுக்குத் தெரியாது. தடவுனாத்தான் தெரியும்.”

திரையைக் காட்டுகிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், நான் உங்கள் எதிரிலேயே மாற்றுகிறேன் என்றாள் சுகந்தி வேகவேகமாக. திரையை அவர் பக்கம் திருப்பினாள், மூன்று சுழிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள், இதுவா அக்கா, இல்லை இதுவா, இன்னும் கொஞ்சம் கீழேயா. அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதாகவும் இல்லை, இல்லை என்பதாகவும் இல்லை. “எனக்குச் சொல்லத் தெரியலீங்க அம்மிணி. கை வச்சா விரல் தானா அங்க போயிரும். வாயில சொல்லுன்னா எப்படிச் சொல்றது.” அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது, யூபிஎஸ் கீச்சிட்டுக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் அடங்கியது, திரையில் இருந்த சீரகம் முடியோடு அணைந்துபோய் அங்கே கறுப்புக் கண்ணாடியில் சுகந்தியின் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்த முகம். அறையில் நாய் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் அதன் மேல் விழுந்தது, எல்லோரிடமும் அவள் கேட்கிற அதே வெளிச்சம், ஆனால் வெறும் தோலில் அது எதையும் காட்டவில்லை. “பயமுங்களா?” என்று கேட்டார் அக்கா. இல்லீங்களே என்று வாய் கிளம்பியது. இந்த முறை அதைப் பிடித்துவிட்டாள். “ஆமாங்கக்கா. சின்ன வயசுல கடிச்சிருக்குது. தொட்டதே இல்ல நானு, ஒரு நாயையும்.” அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தாள். “முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க.” “நாய் வரையறவ எப்படிங்க அதைச் சொல்றது?” அதற்கும் அவர் சிரிக்கவில்லை. “நான் மூஞ்சியப் புடிச்சு எம் பக்கம் வச்சுக்கறேன். நீங்க முதுகுப் பக்கமா வந்து உக்காந்து கைய இப்படிக் கொண்டாங்க. அவன் கண்ணுக்கு நீங்க தெரிய மாட்டீங்க, நீங்களும் அவனைப் பாக்க வேண்டியதில்ல” என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். படம் வேண்டாமென்று விட்டுவிட்டால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து பனியனைப் போட்டுவிட்டு, பரவாயில்லீங்க அம்மிணி என்று சொல்லி, தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பரவாயில்லீங்கவை அவள் இப்போதே கேட்டுவிட்டாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கெண்டைக்கால் சுண்டியது. சப்பணமிட்டு உட்கார முடியவில்லை, எழுந்து ஓடுவதற்குத் தோதாகக் குத்துக்காலிட்டாள். கை நீண்டது, நின்றது, நீண்டது.

முதலில் சூடு. அதை அவள் நினைத்தே பார்த்ததில்லை. இத்தனை வருடங்களில் வரைந்த அத்தனை முடிக்கும் அடியில் இந்தச் சூடு இருந்திருக்கிறது, காய்ச்சல்காரரின் நெற்றி போல. கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. “ஒண்ணும் பண்ண மாட்டான்” என்று அக்கா சொல்லவில்லை, எல்லா நாய்க்காரர்களும் சொல்கிற அதைச் சொல்லாததற்காகவே மறுபடி வைத்தாள். விரல் நுனியை மட்டும். தோள் பக்கமிருந்து கீழே இழுத்தபோது வழுக்கியது. திருப்பி மேலே கொண்டுபோனபோது குத்தியது, இரண்டு நாள் தாடி குத்துகிற மாதிரி. ஆக இங்கே போக்கு கீழ்நோக்கி. கொஞ்சம் உள்ளே தள்ளி இழுத்தாள். வழுக்கவில்லை. இங்கே போக்கு மாறுகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. தழும்பின் ஓரத்தைத் தொட்டுவிடாமல் மேலே போனாள். “இன்னும் கொஞ்சம் உள்ள” என்றார் அக்கா. அங்கே விரல் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஓரம் குத்தியது. நின்று, சின்னதாக வட்டம் போட்டாள். இடமிருந்து வலமாகச் சுற்றினால் குத்தல், வலமிருந்து இடமாகச் சுற்றினால் பட்டு. மறுபடி சுற்றினாள். வயிற்றிலிருந்து ஏறி வருகிற முடியும் கழுத்திலிருந்து இறங்குகிற முடியும் இங்கே வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வழி கிடைக்காமல் திரும்பியிருக்கின்றன. அவள் வரைந்த நேர்க்கோடுகள் ஒன்றுகூட இங்கே இருந்திருக்க முடியாது. நடுவிலும் இல்லை, இடது பக்கம் தள்ளி, தோள் எலும்பு தொடங்குகிற இடத்தில். முதலில் இந்தக் குழி, அடியில் நல்ல கருமை, அதற்கப்புறம் வெளிப்பக்கமாக ஒவ்வொரு கொத்தாக, நுனிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. நாய் எச்சில் விழுங்கியது. அவள் உடம்பு முழுவதும் ஒரு தடவை உலுக்கிக்கொண்டது, கை மட்டும் அங்கேயே இருந்தது, ஏன் இருந்தது என்று தெரியவில்லை. “கெடச்சுதுங்களா?” “கெடச்சுதுங்கக்கா.” அக்கா நாயின் தாடையை மடியில் வைத்து நெற்றியை நீவிக்கொண்டே பேசினார், யாரிடமும் இல்லாத மாதிரி. “முடி முழுசா வர அஞ்சாறு மாசமாகும்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டு வேற எங்கயோ பாத்தாரு. நுரையீரல்லயும் இருக்குதாமுங்க. நான் மறுபடி கேக்கல. வீட்டுல நானும் அவனுந்தான், எதுக்குக் கேட்டு.” ஆறுதலாக எந்தச் சொல்லை எடுத்தாலும் விருந்து வீட்டில் எழுந்து நின்று பேசுகிற மாதிரி இருக்கும். “எந்தப் பக்கம் படுப்பான்?” என்று கேட்டாள். “ஏனுங்க?” “படுக்கற பக்கம் முடி கொஞ்சம் அமுங்கியிருக்கும்.” அக்கா யோசித்தார். “இடது பக்கந்தான் படுப்பான். இப்ப அந்தப் பக்கம் படுக்க முடியறதில்ல, வலது பக்கம் படுக்கறான்.” “நான் இடது பக்கமே போடறேன்” என்றாள் சுகந்தி. சரிங்க என்றார் அவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார், சேலைத் தலைப்பு நாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் வரவில்லை, லிஃப்டும் ஓடாது. லைனில் வேலை நடக்கிறது, மதியத்துக்கு மேலாகும் என்று வாட்ச்மேன் போனில் சொன்னார். அவர் எங்கோ மோட்டார் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடப் போயிருந்தார், வரத் தாமதமாகும். ஆட்டோக்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார், இரண்டாவது தடவையும் அடித்தார். “நடப்பானாக்கா?” “சமதளத்துல நாலெட்டு வெப்பான். படி எறங்க முன்னங்கால் ஊன மாட்டேங்குது. நானே தூக்கிக்கறேன்” என்று அக்கா எழுந்து, குனிந்து, தூக்கப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மேலே வரும்போதே வாங்கிய மூச்சு இன்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை. மோகன்ராஜைக் கூப்பிடலாம். அரை மணி நேரம். எதிர் வீடு பூட்டியிருந்தது. சுகந்தி துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தாள், எதற்காக முடிகிறோம் என்று மனசு கேட்டு முடிப்பதற்குள் முடிந்துவிட்டாள். “எந்தப் பக்கம் புடிக்கட்டுங்க?” “பின்பக்கம். தொடைக்கு அடியில ஒரு கை, வயித்துக்கு அடியில ஒரு கை. நெஞ்சு எம் பக்கம் இருக்கட்டும்.” அள்ளினாள். முழங்கை வரைக்கும் முடிக்குள் போனது. மக்காச்சோளக் குஞ்சம் இல்லை. மேலே முரடாக, சற்றே எண்ணெய்ப் பிசுக்காக, உள்ளே வேறொரு முடி, நனையாத பஞ்சு மாதிரி, அதற்கும் உள்ளே சூடு. மருந்து நெடியும் பழைய ஈரப் போர்வை நெடியும். நினைத்ததைவிடக் கனம். அக்கா முன்னால், இவள் பின்னால், பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துத் தேடி இறங்கினார்கள். படிக்கட்டில் வெளிச்சம் குறைவு. பயம் போகவில்லை. அது அங்கேயேதான் இருந்தது, அந்தப் பக்கம் அக்காவின் தோளில் இருக்கிற வாய் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. பயந்தால் கையை விட வேண்டும், கையை விட்டால் அது விழும், அதனால் பயத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் அது கூடவே படி இறங்கி வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் இடித்துக்கொண்டாள். முழங்கை எரிந்தது. பிடியை மாற்றியபோது நாயின் வால் அவள் மணிக்கட்டில் ஒரு தடவை தட்டியது. ஆட்டியதா, சும்மா விழுந்ததா, தெரியவில்லை. முதல் மாடிக்கு வந்தபோது அக்கா நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை நாயின் காதில் சொட்டியது, காது விலுக்கென்று ஒரு தரம் அசைந்தது. “செத்த கீழ எறக்கி வெச்சுக்கலாமுங்களா அம்மிணி? உங்களுக்குக் கை வலிக்கும்.” தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போயிருந்தது. உள்ளங்கைக்கு மேல், விலா எலும்புகளுக்குப் பின்னால், நாயின் இதயம் வேகமாக, ஒழுங்கில்லாமல் இடித்துக்கொண்டிருந்தது. தன்னுடையதும் அப்படித்தான் இடிக்கிறது, இவனும் மாடிப்படியில் அந்நியக் கைகளில் தொங்கிக்கொண்டு பயந்துபோயிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. கையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்து, தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்கக்கா. கீழ வெச்சாப் பயந்துக்குவான். போலாம்.”